ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வு: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

சமூக மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவர் தீசிஸுக்குத் தலைப்புத் தேடினால் கை முதலில் போவது இதற்குத்தான்: "இன்ன வட்டாரத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோரிடையே உயர் ரத்த அழுத்தத்தின் பரவல்." போய் எண்ணிவிட்டு வந்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019–21) ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் மாவட்ட வாரியாகவே தந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் மருத்துவ அலுவலரைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கு வேண்டியது வேறு. போன மாதம் மாத்திரை வாங்கியவர் இந்த மாதம் ஏன் வரவில்லை? இரண்டு மாத்திரை கொடுத்தும் பி.பி. குறையாதவரை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது? இதற்கெல்லாம் பதில் தரும் ஆய்வுகள் குறைவு.

பெரிய ஆஸ்பத்திரியின் கேள்வியைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கு வருவதுதான் மூலத் தவறு. 1961-இல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க, பிரிட்டிஷ் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஆயிரம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது ஒரு வகையில் உடம்புக்கு முடியாமல் போகிறது. அவர்களில் 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள், 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை போவது ஒரே ஒருவர். அந்த ஒருவரைப் பார்த்து எழுதிய பாடத்தைத்தான் மற்ற எல்லோருக்கும் பொருத்துகிறோம். தலைவலி என்று மருத்துவக் கல்லூரிக்கு வருபவரும் தலைவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவரும் ஒரே ரகம் இல்லை.

நல்ல கேள்விக்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், கேட்டது இதுதான்: சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரி) கட்டில் கிடைக்காத ஏழை நோயாளிக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன? 1959-இல் பதில் வந்தது: வீட்டில் இருந்தே குணமாகலாம், கூட இருக்கும் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. சானடோரியங்கள் உலகமெங்கும் வழக்கொழிந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் யோசனையும் இதே வழிதான். உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது போன்றவற்றை வைத்தே, லேப் உதவி இல்லாமல், ஆபத்தான கட்டத்தில் இருப்பவரைப் பிரித்தெடுக்கிறார்கள். செவிலியர் கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் கேள்வியே அமைந்திருக்கிறது.

கேள்வி சரியாக அமைந்தாலும் அளவில் கோட்டை விடுகிறோம். ஏதாவது ஒரு என்.சி.டி. ரெஜிஸ்டரை (பி.பி., சர்க்கரை போன்ற தொற்றா நோய்களுக்கான பதிவேடு) திறந்து, பி.பி. எழுதியிருக்கும் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். 120/80, 130/80, 130/90, 140/90, மறுபடி 130/80. மெர்க்குரி கருவியில் 2 மி.மீ.க்கு ஒரு கோடு. ஒழுங்காகப் படித்து எழுதினால் பூஜ்ஜியத்தில் முடியும் எண்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வர வேண்டும். எல்லாமே பூஜ்ஜியத்தில் முடிந்தால் அது உத்தேசக் கணக்கு. 140-ஐ எல்லையாக வைத்துக் 'கட்டுப்பாட்டில் இருக்கிறது, இல்லை' என்று பிரிக்கும் ஆய்வில், 138-ம் 142-ம் ஒன்றாக 140 ஆகிவிட்டால் முடிவே மாறிப்போகும்.

இதற்குச் செவிலியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்ந்திருக்க, கையை இதய மட்டத்தில் தாங்கி, இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பது விதி. வரிசையோ வாசல் வரை நிற்கிறது. அதனால் ரெஜிஸ்டரை அப்படியே வாரிக்கொண்டு வந்து தரவு என்று சொல்லாதீர்கள். முதலில் கடைசி இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். மோசமாக இருந்தால் கொஞ்சம் பேருக்காவது டிஜிட்டல் கருவியில் நீங்களே அளந்து ஒப்பிடுங்கள். பருத்த கைக்குப் பெரிய கஃப் (கையில் சுற்றும் பட்டை) கொண்டுபோங்கள். சின்னதைக் கட்டினால் இல்லாத பி.பி.யையும் இருப்பதாகக் காட்டும்.

அப்புறம், யாரைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பது. ஓ.பி.க்கு வந்தவர்களில் இத்தனை சதவீதம் பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதுகிறார்கள். மாதாமாதம் தவறாமல் வருகிறவர் மாத்திரையையும் ஒழுங்காகத்தான் போடுவார், அவருடைய எண் நன்றாகத்தான் இருக்கும். பதிவான எல்லோரையும் கீழே வைத்து வகுத்தால்தான் உண்மை தெரியும். இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. வராதவர்களை எல்லாம் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று எழுதிவிடுவது. அவர் பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கலாம், திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கலாம், 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வழியாக வீட்டிலேயே மருந்து கிடைத்துக்கொண்டிருக்கலாம். நேரில் போய்க் கேட்காமல் அந்தச் சொல்லை எழுதக் கூடாது.

கிழமையும் நேரமும்கூட முடிவைத் திருப்பிவிடும். கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் உட்கார்ந்து ஓ.பி. நோயாளிகளைப் பற்றிய தகவல் திரட்டினால் என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலை 11 மணிக்கு வீடு வீடாகப் போனால் ஆண்கள் வேலைக்கும், பெண்களில் பலர் நூறு நாள் வேலைக்கும் போயிருப்பார்கள்.

திருத்தவே முடியாத தவறு ஒன்று உண்டு, அதுதான் அதிகமும் நடக்கிறது. ஒரு சுகாதார நிலையத்தில் புது முறை, இன்னொன்றில் பழைய முறை, ஆறு மாதம் கழித்து ஒப்பீடு. முதலாவதில் துடிப்பான டாக்டர், இரண்டாவதில் மூன்று மாதம் மருந்து இருப்பு இல்லை என்றால்? வித்தியாசம் எதனால் வந்தது என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. இருபுறமும் பல நிலையங்கள் வேண்டும். ஒரே நிலையத்துக்கு வருகிறவர்கள் ஓரளவு ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் எண்ணிக்கையும் நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே வேலை செய்யும். 10 நிலையங்கள், நிலையத்துக்கு 100 பேர், அந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று வையுங்கள். ஒரு நிலையத்தின் ஆட்களில் ஒன்றைக் கழித்து, ஒற்றுமையின் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்: 1 + 99 × 0.05 = 5.95. ஆயிரத்தை இதால் வகுத்தால் 168. ஆயிரம் பேரிடம் அலைந்து 168 பேரின் பலம்தான் கிடைக்கும். ஒரே நிலையத்தில் ஆள் கூட்டுவதைவிட நிலையங்களைக் கூட்டுவதே மேல். இதை ஆய்வுத் திட்டத்தை எழுதும்போதே புள்ளியியலாளரிடம் கேட்க வேண்டும், தரவெல்லாம் கையில் வந்த பிறகு அல்ல.

புது முறையைச் செயல்படுத்தத் திட்டப் பணத்தில் தனிச் செவிலியரை நியமிப்பது இன்னொரு தவறு. பணம் தீர்ந்ததும் அவர் போய்விடுவார், முறையும் கூடவே போய்விடும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் பச்சிளம் குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கும் முறையைச் சோதித்தபோது அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். 1999-இல் வெளியான முடிவில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு அது நாடு முழுக்க ஆஷா பணியாளர்களின் (ஊர்களில் இருந்தே தேர்ந்தெடுக்கப்படும் சுகாதாரப் பணியாளர்கள்) வேலையாகவே மாற முடிந்தது.

சரி, ஒப்புதல். கிராம சுகாதார செவிலியரோடு போனால் கதவு உடனே திறக்கும். "நர்ஸம்மா கூட வந்திருக்கீங்க, கேளுங்க, சொல்றேன்" என்பார்கள். அது சம்மதம் ஆகாது. கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கித் தந்தவர், பிள்ளைக்கு ஊசி போடுகிறவர் பக்கத்தில் நிற்கும்போது யாருக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரும்? செவிலியர் வீட்டைக் காட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகட்டும். 'வேண்டாம் என்றாலும் உங்கள் மாத்திரை நிற்காது' என்பதை முதலிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி இருக்க வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல். கருத்தடை பற்றிய கேள்வியை மாமியார் முன்னால் கேட்காதீர்கள்.

கடைசியாக, முடிவைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்வது. கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும் முன் வட்டார மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, ஒரு பக்க அளவில் எண்களைக் காட்டுங்கள். அவர்கள் ரெஜிஸ்டரிலிருந்து வந்த எண்தான். எங்கே பிசகு, எந்த மாதம் மருந்து வரவில்லை, எந்தத் துணை நிலையத்தில் ஆளே இல்லை என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.