டிஸ்க் அரேயில் பாரம் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால் பலரும் முதலில் பார்ப்பது டிஸ்க் அரேயில் (ஒன்றாகச் சேர்த்து இயக்கும் டிஸ்க் தொகுப்பில்) எந்த டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான். எல்லாமே 60 சதவீதம் என்றால் பாரமும் சமமாகப் பிரிந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நிரம்பிய இடம் வேறு, செய்யும் வேலை வேறு. 3 டிபி பழைய ஆவணங்களைச் சுமக்கும் டிஸ்க் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். 40 ஜிபி டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க் திணறும்.

வேலையை அளக்க லினக்ஸில் ஐஓஸ்டாட் என்ற கட்டளை இருக்கிறது. அதிலும் ஒரு பொறி உண்டு: கட்டளை கொடுத்ததும் வரும் முதல் அட்டவணை, சர்வர் பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது அட்டவணையிலிருந்துதான் இப்போதைய நிலவரம். டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்று சொல்லும் யூட்டில் 100 சதவீதம் என்று காட்டினாலும் பதற வேண்டாம். எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கவனிப்பதால் அதற்கு இன்னும் தெம்பு மிச்சம் இருக்கலாம். ஒரு கோரிக்கை முடிய எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று சொல்லும் அவெய்ட்டைத்தான் டிஸ்க்குக்கு டிஸ்க் ஒப்பிட வேண்டும்.

ஸ்ட்ரைப் போட்ட (டேட்டாவைத் துண்டாக்கி எல்லா டிஸ்க்கிலும் பரப்பிய) ஒரே செட்டில் ஒரு டிஸ்க்கின் அவெய்ட் மட்டும் பல மடங்கு எகிறினால், டேட்டாவை இடம் மாற்றத் தொடங்கிவிடாதீர்கள். அந்த டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம்; முதலில் டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பென்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாத பகுதிகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். அல்லது அது எஸ்எம்ஆர் (தடங்களை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும்) வகையாக இருக்கலாம். என்ஏஎஸ்ஸுக்கென்று (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் பெட்டிக்கென்று) விற்ற டபிள்யூடி ரெட் டிஸ்க்குகளில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வாங்கியவர்களுக்கே தெரியவந்தது. தொடர்ந்து எழுதும்போது இந்த வகை படுத்துவிடும், செட் முழுவதும் அதற்காகக் காத்து நிற்கும்.

அதிகம் நடக்கும் தவறு, அரே நிரம்பிய பிறகு டிஸ்க் சேர்ப்பது. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் பூலில் (டிஸ்க் தொகுப்பில்) இரண்டு மிர்ரர் ஜோடிகள் (ஒரே டேட்டாவைச் சுமக்கும் இரண்டிரண்டு டிஸ்க்குகள்) 85 சதவீதம் நிரம்பியிருக்கின்றன, மூன்றாவதாக ஒரு காலி ஜோடியைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். பழைய டேட்டா தானாக நகராது. புதிதாக எழுதுவதில் பெரும்பகுதி காலி ஜோடிக்கே போகும். பெரும்பாலான இடங்களில் அடிக்கடி படிக்கப்படுவதும் புது டேட்டாதான். ஆக, ஆறு டிஸ்க்குக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டு டிஸ்க்கின் வேகத்தில் ஓட்டுவீர்கள். பழைய டேட்டாவைத் திரும்ப எழுதினால் சமமாகும். ஆனால் ஸ்னாப்ஷாட்கள் (ஒரு நேரத்து நிலையை அப்படியே காக்கும் பதிவுகள்) பழைய பிளாக்குகளைப் பிடித்து வைத்திருப்பதால், எழுத எழுத இடம் இரட்டிப்பாகத் தின்னும். பாதி நிரம்பும்போதே டிஸ்க் சேர்ப்பது எவ்வளவோ மேல். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்திலும் டிஸ்க் சேர்த்தால் மட்டும் போதாது, டேட்டாவை மறுபடி பரப்பும் பேலன்ஸ் கட்டளையை நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

ஃபைல் சிஸ்டம் போடும்போது நடக்கும் ஒரு பிழை பலர் கண்ணில் படுவதே இல்லை. லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் 4 கேபி பிளாக் என்றால், இடத்தை அது பிரிக்கும் ஒவ்வொரு பகுதியும் (பிளாக் குரூப்) 128 எம்பி. நான்கு டிஸ்க் ரெய்டு 0 (நகல் இல்லாமல் டேட்டாவைப் பரப்பும் முறை), ஒவ்வொன்றிலும் 64 கேபி சங்க் (துண்டு) என்றால் ஒரு ஸ்ட்ரைப் 256 கேபி. 128 எம்பி இதன் சரியான மடங்கு என்பதால் எல்லாக் குரூப்பின் தொடக்கமும் ஒரே டிஸ்க்கில் போய் விழும். எந்தப் பிளாக் காலி என்று குறிக்கும் பிட்மேப்களும் அங்கேயே குவியும். ஃபைல் சிஸ்டம் போடும்போது ஸ்ட்ரைட் (ஒரு டிஸ்க்கின் சங்க்) அளவைச் சொல்வது இதைத் தவிர்க்கத்தான். லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டான எம்டி ரெய்டு அந்த அளவைத் தானாகத் தெரிவித்துவிடும். ரெய்டு கார்டோ விர்ச்சுவல் டிஸ்க்கோ தெரிவிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் நீங்களாக ஏஜி (பிளாக் குரூப் போன்ற பகுதி) அளவைக் கொடுத்து அது ஸ்ட்ரைப் அகலத்தின் மடங்காக அமைந்தால், ஃபைல் சிஸ்டம் போடும் எம்கேஎஃப்எஸ் கட்டளை எச்சரிக்கவே செய்யும். அந்த வரியைத்தான் யாரும் படிப்பதில்லை.

சில சமயம் பாரம் சமமாகத்தான் இருக்கும், அரேதான் போதாது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று விநாடிக்குச் சுமார் 80 ரேண்டம் ஐஓ (அங்கங்கே தாவிப் படிப்பது, எழுதுவது) தரும், எட்டு டிஸ்க்குக்கு 640. ரெய்டு 5-இல் ஒவ்வொரு சிறு ரைட்டும் நான்கு ஐஓ: பழைய டேட்டாவையும் பாரிட்டியையும் (இழந்த டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். எல்லாமே ரைட் என்றால் கையில் நிற்பது 160. டேட்டாவை எப்படி மாற்றி அடுக்கினாலும் இது அதிகமாகாது. மிர்ரர் ஜோடிகளால் ஆன ரெய்டு 10-க்கு மாறினால், ஒரு ரைட்டுக்கு இரண்டு ஐஓதான் என்பதால் 320.

டேட்டாவை மறுபடி சமமாகப் பரப்பும் ரீபேலன்ஸ் வேலையும் ஒரு பாரம்தான். அலுவலக நேரத்திலோ ரீபில்ட் (மாற்றிய டிஸ்க்கில் டேட்டாவை மீட்டெழுதுவது) ஓடும்போதோ அதைத் தொடங்க வேண்டாம். சனி நள்ளிரவு தாண்டி ஆரம்பித்தால் மாதத்தின் முதல் வாரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: டெபியன் லினக்ஸில் எம்டி அரே சோதனை முதல் ஞாயிறு அதிகாலை தானாகவே கிளம்பும்.