ஜவ்வரிசி ஆலையில் எம்பிஏ புராஜெக்ட்: சேலம் கல்லூரிகளுக்கு

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். கோடை விடுமுறையில் மாணவர்களை அனுப்புவதுதான் வழக்கமான தவறு. அப்போது ஜவ்வரிசிக்கான மரவள்ளிக் கிழங்கு வரத்து குறைந்து, பாதி ஆலைகள் ஓய்ந்திருக்கும். தை, மாசியில் அனுப்புங்கள்.

போவதற்கு முன், ஆலைக்காரரிடம் ஒரே ஒரு பிரச்சினையைக் கேட்டு வாங்குங்கள். 'மார்க்கெட்டிங் ஆய்வு' என்று பொத்தாம்பொதுவாகப் போனால், டீ கொடுத்து அனுப்பிவிடுவார். 'பாயிண்ட் தகராறு' என்றால் உட்காரச் சொல்வார். கிழங்கின் மாவுச்சத்தைப் பாயிண்ட்டாகக் கணக்கிட்டுத்தான் விலை. கிழங்கைக் காற்றிலும் தண்ணீரிலும் எடைபோட்டு அளப்பார்கள். மண் ஒட்டியிருந்தாலே அளவு பிசகும். மாணவர் 30 லோடுகளில், ஒவ்வொன்றிலும் 3 மாதிரி எடுத்து, கழுவுவதற்கு முன்னும் பின்னும் அளந்து எழுதட்டும். உருப்படியான தரவு அதுதான்.

ஒப்பந்தம் 2 பக்கம் போதும். கொள்முதல் விலையும் வாங்குபவர் பெயரும் வெளியே போகாது என்ற வரி கட்டாயம். அது இல்லாவிட்டால் கணக்கு நோட்டு திறக்காது. பயிர் சந்தேகங்களுக்கு ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையமும், ஏல விலைக்கு 1981-இல் தொடங்கிய ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வும் பக்கத்திலேயே இருக்கின்றன.

முடிவை ஆலைக்காரருக்குத் தமிழில், ஒரே தாளில் கொடுங்கள். 80 பக்க ரிப்போர்ட் கல்லூரி நூலகத்துக்கு.