பாம்பன் பாலத்தில் ஏஎம்டி கார் உதறியபோது

ஒருவழியாகத் தீர்ந்தது, நிம்மதி. இதே தொல்லை உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னுடையது ஏஎம்டி கியர் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே மாறும் கியர்) உள்ள சின்ன கார். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை ஒரு குறையும் இருக்காது. பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் மட்டும் வெடுக் வெடுக்கென்று உதறும், கிளட்ச் கருகும் வாடை வரும்.

ஒர்க்‌ஷாப்பில் கியர் ஆயிலை மாற்றினார்கள். ஸ்கேனரில் எரர் எதுவும் இல்லை. எஞ்சின் மவுண்டிங்கும் சரியாக இருந்தது. உதறல் போகவில்லை.

பிடி கிடைத்தது மீட்டரில் தெரியும் கியர் எண்ணில்தான். ரயில் பாலத்தைப் பார்க்க ஆட்கள் வண்டியை ஓரங்கட்டுவதால் விடுமுறை நாட்களில் அங்கே எல்லாம் ஊர்ந்துதான் போகும். அந்த வேகத்தில் எண் 1, 2, 1, 2 என்று மாறிக்கொண்டே இருந்தது. ஏஎம்டிக்குள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான். நம் காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி மிதிக்கிறது, அவ்வளவே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்ச் விட்டுப் பிடிக்கும். ஏற்றத்தில் ஊர்ந்தால் பாதி பிடித்தபடியே தேய்ந்து சூடேறும்.

இப்போது ஏற்றம் தொடங்கும் முன்பே லீவரை மேனுவலுக்குத் தள்ளி முதல் கியரிலேயே வைக்கிறேன். முன்வண்டி நகர்ந்ததும் கூடவே உருட்டுவதில்லை. இரண்டு கார் நீளம் இடம் விழும்வரை பிரேக்கில் நின்று, ஒரே மூச்சில் போகிறேன். முன்னால் ரோடு காலியானதும் இரண்டாவது கியர். மாறும் நொடியில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தளர்த்த வேண்டும், இதுதான் முக்கியம். உதறலும் இல்லை, வாடையும் இல்லை. டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.