விர்ச்சுவல் மெஷின்ல ஓஎஸ் பூட் ஆகலையா? இதைப் பாருங்க

விர்ச்சுவல் மெஷினை (கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) ஆன் பண்ணா பூட் டிஸ்க் இல்லன்னு கருப்பு ஸ்கிரீன்ல நிக்குதுன்னா அவசரப்பட்டு ரீஇன்ஸ்டால் பண்ணிடாதீங்க, மெஷினை முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு அதோட செட்டிங்ஸ்ல பூட் மோடு (ஓஎஸ்ஸைத் தேடி எழுப்புற முறை, பழசு பயாஸ், புதுசு யூஇஎஃப்ஐ) பயாஸ்னு இருந்தா யூஇஎஃப்ஐ, யூஇஎஃப்ஐன்னு இருந்தா பயாஸ்னு மாத்திப் பாருங்க. விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேர்ல, சிஸ்டம் பக்கத்துல இஎஃப்ஐன்னு ஒரே ஒரு டிக்தான், போட்டா யூஇஎஃப்ஐ, எடுத்தா பயாஸ். பயாஸ் டிஸ்கோட முதல் 512 பைட்ல பூட்லோடரை (ஓஎஸ்ஸைத் தொடங்கி வைக்கற சின்ன புரோகிராம்) தேடும், யூஇஎஃப்ஐ அதுக்குன்னு இருக்கற தனி பார்ட்டிஷன்ல (டிஸ்க்ல பிரிச்சு வச்ச ஒரு பகுதி) தேடும், அதனால எந்த மோடுல இன்ஸ்டால் பண்ணீங்களோ அதுலதான் எழும்பும், பழைய விர்ச்சுவல் டிஸ்க் ஃபைலை புது மெஷின்ல மாட்டுறப்பதான் இந்த மோடு அடிக்கடி மாறிப்போகும், டேட்டா பத்திரமாத்தான் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-வில மட்டும் ஜெனரேஷன் 1 (பயாஸ்), 2 (யூஇஎஃப்ஐ)ன்னு மெஷின் உருவாக்கும்போதே முடிவாயிடும், வேற ஜெனரேஷன்ல புது மெஷின் போட்டு அதே டிஸ்கை மாட்டணும். விண்டோஸ் லோகோ வந்துட்டு பாதில தொங்குதுன்னா இது உதவாது, பூட்லோடர் கிடைச்சிடுச்சு, கோளாறு உள்ள வேற எங்கயோ.