ஆற்றுக்குக் கீழே ரயில்: முதலில் ஆழக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஆறென்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும். ஆனால் நிலத்தடித் தண்ணீரின் குணம் நிலவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆற்றடிச் சுரங்கத்துக்குத் திட்டம் போடப் பாதித் தேவை அந்த அறிவுதான்.

வரைபடத்தில் கோடு கீறமுதல் ஆழத்தைக் கணக்கிடுங்கள். ஆறு 12 மீற்றர் ஆழம், வெள்ளத்தில் அடி அரிக்க இன்னொரு 2 மீற்றர், அதற்குக் கீழே சுரங்கத்தின் ஒரு விட்டமளவு மண். வெளிவிட்டம் 6.4 மீற்றர் என்றால் சுரங்கத்தின் உச்சி 20.4 மீற்றரில், தண்டவாளம் அதற்கும் 5 மீற்றர் கீழே, ஏறக்குறைய 25.5. பயணிகள் ரயிலுக்கு 50க்கு 1 சரிவு வைத்தால் நீர்மட்டத்துக்கு ஏறிவரவே 1,275 மீற்றர் வேண்டும். நகர நிலையம் அந்த ஆழமான இடத்திலிருந்து 600 மீற்றரில் என்றால் ரயில் ஏறியிருப்பது 12 மீற்றர்தான். மேடைக்குச் சமதளமும் வேண்டும். ஆகவே நிலையம் 13 மீற்றருக்கு மேல் ஆழத்தில் போய்விடும். கரை மேடென்றால் இன்னும் ஆழம். செலவு ஆற்றுக்குள் அல்ல, அந்த நிலையத்தில்தான் ஏறுகிறது.

ஒரு விட்டம் மண் எதற்கு? வெற்றுக் குழாய் மிதக்கும். 6.4 மீற்றர்க் குழாய் மீற்றருக்கு 32 தொன் தண்ணீரை விலக்குகிறது. 30 சென்ரிமீற்றர் தடித்த கொங்கிறீற் வளையத்தின் நிறை 14 தொன் அளவில். மிச்சம் 18 தொன்னை மண் அமுக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீருக்குள் மண் கனமீற்றருக்கு 0.9 தொன்தான் நிறுக்கும். நேர்மேலே 3 மீற்றர் இருந்தால் 17 தொன், போதாது. 6.4 மீற்றர் இருந்தால் 37.

அடுத்தது நிலத்தைச் சோதிக்கத் துளையிட்டுப் பார்த்தல். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். துளைகளைப் பாதைக்கு நேரே போடாமல் பக்கமாகப் போட்டு, முடிந்ததும் சீமெந்துக் கலவையால் அடைத்துவிடுங்கள். அடைக்காத துளை வழியே பின்னர் ஆறு உள்ளே வரும். எங்கள் நிலம்போலச் சுண்ணக்கல் என்றால் இரண்டு துளைகளுக்கிடையில் ஒரு குகையே ஒளிந்திருக்கலாம். பிரிட்டனில் செவேர்ன் ஆற்றுக்குக் கீழே போகும் ரயில் சுரங்கத்தை 1879இல் நிரப்பியது ஆறல்ல, கரைப்பக்க நிலத்து ஊற்று. கொல்கத்தா மெட்ரோவிலும் அப்படித்தான்: 2017இல் ஹூக்ளி ஆற்றைச் சிக்கலின்றிக் கடந்தார்கள்; 2019இல் பவ்பஜாரில், தரைப்பகுதியில், சுரங்கம் தோண்டும் இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையைத் தொட்டு மேலிருந்த வீடுகள் இடிந்தன. ஆற்றைப் பார்த்துப் பயந்துகொண்டு கரையைக் கவனிக்காமல் விடுவது வழக்கமான பிழை.

இரட்டைக் குழாய்தான் நல்லது. ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குள் ஓடலாம். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நியமமான என்எஃப்பிஏ 130இன்படி இரண்டு குழாய்களையும் இணைக்கும் குறுக்குவழிகளுக்கு இடையில் 244 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. எங்கள் டீசல் வண்டிகளின் புகை பள்ளத்தில் தங்கிவிடும், ஆகவே மின்ரயிலாகவே திட்டமிடுங்கள்.

வாசலின் உயரத்தைப் புயல்நீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். நியூயோர்க்கில் ஹட்சன் ஆற்றுக்குக் கீழே 1910இல் திறந்த குழாய்களுக்குள் 2012இல் சாண்டிப் புயல் உப்புத்தண்ணீரைக் கொண்டுவந்தது. தண்ணீரை இறைத்தார்கள், உப்பு கொங்கிறீற்றிலும் கேபிளிலும் தங்கி அரித்துக்கொண்டேயிருக்கிறது. திருத்தக் குழாயை மூடவேண்டும், மூடினால் ரயில் நிற்கும். அதனால்தான் முதலில் புதுக் குழாய் தோண்டுகிறார்கள்.

ஆகக்கீழான இடத்தில் கசிவுநீர்க் குழி, இரண்டு பம்பி, ஒன்று பழுதானாலும் மற்றது முழுவதையும் இறைக்கக்கூடியதாக. மின்சாரம் இரண்டு வெவ்வேறு வழிகளால். செவேர்னில் இன்றும் இறைத்தபடிதான் இருக்கிறார்கள். பம்பிச் செலவை வருடாந்தக் கணக்கில் எழுதிவையுங்கள்.