சொகுசு அடுக்குமாடி வந்தால் வாடகை குறையுமா? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

விலையுயர்ந்த நகரில் எழும் சொகுசு அடுக்குமாடி, அதை வாங்க வசதியில்லாதவருக்கு ஏதேனும் பயன் தருமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் அதன் விலைப்பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, அங்கே குடியேறுபவர் எந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறார் என்பதைத்தான்.

ஒரு தாளில் புதிய வீட்டை எழுதி, அதன் கீழே காலியாகும் வீடுகளை வாடகையோடு வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். புதிய வீட்டுக்கு வருபவர் பதினைந்தாண்டுப் பழைய மூன்று படுக்கையறை வீட்டை விடுகிறார். இரண்டு அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த குடும்பம் அதற்கு மாறுகிறது. அவர்கள் விட்ட, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டுக்கு 'டு-லெட்' பலகை தொங்குகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் எவன் மாஸ்ட், பெரிய நகரங்களின் புதிய குடியிருப்புகளில் வசித்த 52,000 பேரின் பழைய முகவரிகளை ஆறு சுற்றுகள் வரை இப்படிப் பின்தொடர்ந்தார். 100 பேர் குடியேறும் புதிய கட்டடம், வருமானம் சராசரிக்குக் குறைந்த பகுதிகளிலிருந்து இறுதியில் 45 முதல் 70 பேர் வேறு பகுதிகளுக்கு மாற வழிசெய்து, அங்கே வீடுகள் காலியாக உதவுகிறது என்பது அவருடைய மதிப்பீடு. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது.

அடுத்து, இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்று தேட வேண்டும். வாங்கியவர் முதலீடாகப் பூட்டிவைத்தால் எந்த வீடும் காலியாகாது. கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் காலி வீடுகளுக்குத் தனி வரி விதிப்பது இதற்காகவே. இந்திய நகரங்களில் 2011 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 1.11 கோடி வீடுகள் காலியாகக் கிடந்ததை நம் வாசகர்கள் இங்கே நினைவில் கொள்வது நல்லது. வெளியூரிலிருந்து வருபவரால் சங்கிலி ஊருக்கு வெளியே போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் புதிய கட்டடம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர் என்றால், அவர் பழைய வீட்டுக்கே கூடுதல் வாடகை கொடுத்துப் போட்டியிட்டிருப்பார்.

பலர் தவறவிடுவது இடிப்புக் கணக்கு. குடியிருப்போர் உள்ள 12 வீடுகளை இடித்து 40 வீடுகள் கட்டினால் நிகரக் கூடுதல் 28தான். அதிலும் இடிபட்டவை மலிவு வாடகை வீடுகள் என்றால், கீழ்த்தட்டில் இழப்பு அன்றே நேர்கிறது, மேலிருந்து இறங்கும் பயனுக்கோ சில ஆண்டுகள் பிடிக்கும். காலி மனையிலோ வாகன நிறுத்துமிடத்திலோ எழும் கட்டடத்தை இதோடு ஒரே தராசில் வைப்பது சரியன்று.

கடைசியாக, விளைவை அளக்கும்போது புதிய கட்டடத்தின் வாடகையை விட்டுவிட்டு, அதைச் சுற்றி நடந்துபோகும் தொலைவிலுள்ள பழைய வீடுகளின் வாடகையை எடுங்கள். கட்டடம் எழாத, அதே தரத்திலான இன்னொரு பகுதியோடு இரண்டு மூன்று ஆண்டுகள் ஒப்பிட்டுப் பாருங்கள். இப்படி ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில் அருகமை வாடகை 5 முதல் 7 விழுக்காடு குறைவாக இருந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர ஆய்வு ஒன்றிலோ மலிவு வீடுகளின் வாடகை ஏறியது. வாடகை ஏறியதாலேயே பயனில்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். 2016-இல் குடியிருப்பு நிலத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்த நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அதன் பிறகும் வாடகை ஏறத்தான் செய்தது. ஆனால் அந்த மாற்றம் இல்லாதிருந்தால் ஆறாண்டில் எட்டியிருக்கும் அளவைவிட மூன்று படுக்கையறை வீடுகளின் வாடகை 26 முதல் 28 விழுக்காடு குறைவு என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கணித்தனர்.