நெல்லைத் தண்ணீருக்கு ஏற்ற மீன்: செடி வைத்த சின்னத் தொட்டிக்கு எதை வாங்கலாம்?

மீன் கடைக்குள் நுழைந்ததும் கண் போய் நிற்பது நிறத்தில்தான். நியான் டெட்ராவின் நீலக் கோட்டைப் பார்த்துப் பத்து மீன் வாங்கி வருவார்கள். இரண்டு வாரத்தில் நாலு மிஞ்சும். பெரும்பாலும் மீனில் குறை இருக்காது. அது கேட்கிற தண்ணீரும் குளிர்ச்சியும் வீட்டில் இருந்திருக்காது. ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள்.

திருநெல்வேலி மாநகராட்சிக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். மலையிலிருந்து பாறை வழியாக இறங்கி வருவதால் இயல்பிலேயே மென்னீர். சோப்பு நன்றாக நுரைக்கும். அதே ஊரில் போர் போட்ட வீட்டில் பருப்பு வேக நேரமாகும், வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படியும். அது கடின நீர். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் கடலை ஒட்டிய ஊர்களில் சில இடங்களில் போர் தண்ணீர் நாக்கில் வைத்தாலே கரிக்கும். அது உப்பு நீர், வேறு கதை. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கலாம். ஆனால் அது கடினத்தையும் உப்பையும் பிரித்துச் சொல்லாது. மொத்தமாக ஒரு எண்ணைத்தான் காட்டும். ஹீட்டர் கம்பியையும் நாக்கையும் சேர்த்து நம்புங்கள். கரிக்கிற தண்ணீரில் மீன் சில பிழைத்தாலும் பெரும்பாலான செடிகள் பிழைக்காது. அப்படிப்பட்ட வீட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். முதல் மழை மாடித் தூசியைக் கழுவிப் போகட்டும், அடுத்ததிலிருந்து பிடியுங்கள். அதில் மூன்று பங்குக்குப் போர் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் தொட்டிக்கு ஆகும். ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டாம். செடிக்கும் மீனுக்கும் வேண்டிய சுண்ணாம்பு, மக்னீசியம் எல்லாம் அதில் போயிருக்கும்.

அடுத்தது வெயில். பங்குனி தொடங்கி ஆனி வரை மாடி வீட்டு அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி வரை ஏறும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைகிற ஆக்ஸிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் என்றால் 32 டிகிரியில் 7.3 தான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். செடிகளும் இரவில் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான். கத்திரி வெயிலில் மத்தியானம் மட்டும் தொட்டியைப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

எனவே தொட்டியை மேற்குச் சுவரிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையிலோ வைக்காதீர்கள். கான்கிரீட் கூரை இரவெல்லாம் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீரின் மேற்பரப்பை நோக்கித் திருப்பி வைத்தால் 2, 3 டிகிரி குறையும். நெல்லையின் காய்ந்த வெயிலில் இது நன்றாகவே வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகும்போது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை ஈடுகட்ட மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றுங்கள். ஆர்ஓவுக்கு வேலை அந்த இடத்தில் மட்டும்தான். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் இந்தக் கவலை இல்லை.

இனி தொட்டி. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்பது ஆரம்பத்துக்கு நல்ல அளவு. கணக்குப்படி 56 லிட்டர். மண், கல், மேலே விடுகிற இடைவெளி போக 45 லிட்டர்தான் நிற்கும். இதைவிடச் சின்னது சுலபம் என்று நினைப்பார்கள், உண்மையில் கடினம். தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் அழுக்கும் மளமளவென்று ஏறும். செடிகளில் வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரைன், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இந்தச் சூட்டைத் தாங்கும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கேட்காது. விளக்கு தினம் 6, 7 மணி நேரம் போதும்.

செடி நட்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, 4 முதல் 6 வாரம் பொறுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். காலித் தொட்டியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வந்தால் அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டிய பிறகே மீன்.

இப்போது மீனுக்கு வருவோம். ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஹார்லிக்வின் ரஸ்போரா. 4 செ.மீ. வளரும், செடியைத் தொடாது, 28 டிகிரியில் சௌகரியமாக இருக்கும், ஃபேன் வைத்தால் கோடையையும் தாண்டிவிடும். எட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். கூட்டம் சிறிதானால் பயந்து செடிக்குப் பின்னாலேயே கிடக்கும், நிறமும் மங்கும். இவற்றோடு ஒரு ஜோடி ஹனி கௌராமி, அடியில் மணல் போட்டிருந்தால் ஐந்து கூலி லோச். 2 அடித் தொட்டி அதோடு நிறைந்தது. கூலி லோச்சுக்குக் கூர்மையான சரளைக் கல் ஆகாது. மண்ணுக்குள் புதைகிற மீன், வயிறு கிழியும். ஹனி கௌராமி கிடைக்காத கடையில் ட்வார்ஃப் கௌராமியைக் காட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த இனத்தில் மருந்தில்லாத ஒரு வைரஸ் நோய் பரவலாக இருக்கிறது. ஆரம்பத்தில் வேண்டாம்.

செர்ரி பார்ப் என்பது இலங்கை ஓடைகளின் மீன். மென்னீரும் இல்லாமல் கடின நீரும் இல்லாமல் நடுத்தரமான தண்ணீர் என்றால் அதுதான் சரி. மூன்று ஆண், ஐந்து பெண் என்ற கணக்கில் எடுங்கள். ஆண் கூடினால் பெண்ணைத் துரத்தித் துரத்தி இளைக்க வைக்கும். ஜீப்ரா டேனியோ எந்தத் தண்ணீரையும் தாங்கும், ஆனால் நிற்காமல் ஓடும். நிதானமான கௌராமியோடு சேர்த்தால் கௌராமி ஒளிந்துகொள்ளும்.

கடின நீர் வீட்டுக்கு கப்பி, பிளாட்டி. இவை சுண்ணாம்புத் தண்ணீரில்தான் செழிக்கும். மென்னீரில் வைத்தால் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு ஆடும். கப்பியில் எட்டு ஆண் மட்டும் வாங்குங்கள். ஒரே ஒரு பெண் சேர்ந்தாலும், முன்பே சினை வாங்கியிருந்தால் ஆண் இல்லாமலே மாதக்கணக்கில் குட்டி போடும். நாலு வாரத்துக்கு ஒரு ஈத்து வந்தால் 45 லிட்டர் எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

ஒரு அடித் தொட்டிதான் இருக்கிறதா? ஒரே ஒரு ஃபைட்டர், அத்தோடு நிறுத்துங்கள். காற்றை நேராக வாயால் எடுப்பதால் சூட்டிலும் சமாளிக்கும். அதற்குப் பழக்கமான வெப்பமே 24 முதல் 30 டிகிரி. மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு மூடி போடுங்கள், குதிக்கும். கப்பியோடு விட வேண்டாம். நீண்ட வாலைக் கண்டால் இன்னொரு ஆண் ஃபைட்டர் என்று எண்ணிக் கடித்துவிடும்.

வேண்டாதவை: கோல்டு ஃபிஷ் செடியைத் தின்னும், பெரிதாகவும் வளரும். டைகர் பார்ப் மற்ற மீனின் துடுப்பைக் கொத்தும். ஏஞ்சல் வளர்ந்தபின் சின்ன டெட்ராக்களை விழுங்கும். நியானுக்கு 26 டிகிரிக்கு மேல் ஆகாது. ‘கண்ணாடியைச் சுத்தம் செய்யும்’ என்று கொடுக்கிற சக்கர் ஒரு அடிக்கு மேல் வளரும். கண்ணாடிப் பாசிக்கு நத்தையும் ஒரு ஸ்பாஞ்சும் போதும்.

ஆற்றிலேயே அழகான மீன் இருக்கிறதே, பிடித்து விடலாமே என்று தோன்றும். தாமிரபரணிக்கே உரிய ஒரு கெண்டை இனம் உண்டு. 1954இல் சைலஸ் என்ற மீனியல் அறிஞர் விவரித்தது. ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். ஆணின் முதுகுத் துடுப்பு இழை இழையாக நீளும். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். ஓடுகிற தண்ணீரில் நீந்தும் அந்த மீனுக்கு 2 அடித் தொட்டி சிறை. அது ஆற்றிலேயே இருக்கட்டும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “அண்ணாச்சி, இது என்னைக்கு வந்த லோடு?” நேற்று வந்தது என்றால் ஒரு வாரம் கழித்துப் போங்கள். தூரப் பயணத்தில் அடிபட்ட மீன் எது, பிழைக்கும் மீன் எது என்று அதற்குள் தெரிந்துவிடும். அதே தொட்டியில் செத்த மீன் கிடந்தாலோ, உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, வயிறு ஒட்டியிருந்தாலோ எதையும் எடுக்காதீர்கள். கொஞ்சம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்து வந்து தின்கிற மீனை எடுங்கள். சாயங்காலம் வாங்குவது நல்லது. மத்தியான பஸ்ஸில் மடியில் வைத்த பை சூடேறிவிடும்.

வீட்டில் பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் முடியுங்கள். பல மணி நேரம் கட்டிய பை என்றால் இவ்வளவு நேரம் எடுக்கக் கூடாது. பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், அதாவது தண்ணீரின் காரத்தன்மை கூடும், உள்ளே சேர்ந்த அம்மோனியா அப்போதுதான் விஷமாகும். வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிட்டுக் கடைத் தண்ணீரைக் கீழே கொட்டுங்கள்.

எல்லா மீனையும் ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் கூட்ட மீன், இரண்டு வாரம் கழித்து கௌராமி, இன்னும் இரண்டு வாரம் கழித்து லோச். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், அதையும் காலையில் செய்யுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கை வைக்க முடியாதபடி சுடும். குழாய்த் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் சொட்டு மருந்து, புட்டியில் போட்ட அளவுப்படி. போர் தண்ணீரை முந்தின இரவே வாளியில் பிடித்துக் காற்றுக் குழாய் போட்டு வையுங்கள். நோய் வந்தால் கல் உப்பு போடச் சொல்வார்கள். செடித் தொட்டியில் போடாதீர்கள், செடிகள் கெட்டுப்போகும். நோயுற்ற மீனை 15 லிட்டர் வாளிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள்.

கரண்ட் போகிற ஊரில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். கப்பி பெருகிவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். வாய்க்காலிலோ குளத்திலோ விடாதீர்கள். சக்கர் மீன் இந்திய நீர்நிலைகளில் பெருகியதற்கு இப்படி விட்டதும் ஒரு காரணம்.